பிரேக் ஏன் கத்துகிறது?



நம்ம ஊர்ப் பக்கம் கார் என்பது புதுசு இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் செய்த சான்ட்ரோ 1998-ல் வெளிவந்தது. ஒரகடத்தில் செய்த மைக்ரா 2010-ல் வந்தது. இரண்டிலும் முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக், பின்சக்கரத்தில் டிரம் பிரேக். இன்றும் பல சின்ன கார்களில் இதே ஏற்பாடுதான். கார் செய்கிற ஊரில் இருக்கும் நாம், அதன் பிரேக் கத்தினால் என்ன அர்த்தம் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

சத்தம் எப்படி வருகிறது?

சைக்கிளில் பிரேக் பிடித்தால் ரப்பர் கட்டை ரிம்மைக் கவ்வும் இல்லையா? அதே மாதிரிதான். சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு டிஸ்க். அதை இரண்டு பக்கமும் கவ்வுவது பேட். பேட்டை அழுத்தும் இடுக்கி போன்ற பாகம் காலிப்பர். டிரம் பிரேக்கில் லைனிங் ஒட்டிய ஷூ உள்ளேயிருந்து விரிந்து, டிரம்மை அழுத்தும்.

1000 கிலோ கார் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் போனால் அதன் இயக்க ஆற்றல் 2 லட்சம் ஜூல். சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க இது போதும்! பிரேக் பிடித்து நிறுத்தினால் இதில் பெரும்பகுதி வெப்பமாகிறது. கொஞ்சூண்டு மட்டும் அதிர்வாகி நம் காதுக்கு வருகிறது.

இதை வகுப்பிலேயே பார்க்கலாம். சாக்பீஸைக் கரும்பலகையில் ஒரு கோணத்தில் பிடித்து இழுத்தால் கீச்சென்று கத்தும். சாக்பீஸ் ஒட்டுகிறது, வழுக்குகிறது, மறுபடி ஒட்டுகிறது. மிக வேகமாக இது திரும்பத் திரும்ப நடப்பதால்தான் அந்தச் சத்தம். பேட்டும் டிஸ்க்கும் உரசும்போது நடப்பதும் இதுதான்.

எந்தச் சத்தத்துக்கு என்ன காரணம்?

1. காலையில் எடுத்ததும் 'சர சர' என்று வந்து, நாலைந்து தடவை பிரேக் பிடித்ததும் நின்றுவிடும். மழையில் நனைந்த டிஸ்க்கில் பிடித்த லேசான துரு இது. பயம் வேண்டாம்.

2. பிரேக் பிடிக்காமலே 'கிரீச்' என்று தொடர்ந்து வரும். வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்டில் ஜல்லி லாரி பின்னால் போனவர்களுக்கு இது தெரியும். டிஸ்க்குக்கும் பின்னால் உள்ள தகட்டுக்கும் நடுவில் பொடிக்கல் மாட்டியிருக்கும். எடுத்துவிட்டால் சரி. கல் இல்லையென்றால் காலிப்பர் பின் இறுகி, பேட் டிஸ்க்கை விடாமல் பிடித்திருக்கலாம். அப்போது அந்தச் சக்கரம் மட்டும் அதிகம் சூடாகும்.

3. 'கீச்' என்று மெல்லிசாக வரும். பல பேட்களில் ஒரு சின்ன இரும்பு நாக்கு வைத்திருப்பார்கள். பேட் சுமார் 3 மி.மீ. வரை தேய்ந்ததும் அது டிஸ்க்கைத் தொட்டுக் கத்தும். 'என்னை மாத்து' என்று பேட் சொல்கிறது! பேட் நன்றாக இருந்தும் கத்தினால், அதன் முகம் கண்ணாடி மாதிரி வழவழப்பாகி இருக்கலாம்.

4. 'கர கர' என்று வரும். இதுதான் ஆபத்து. பேட் முழுக்கத் தேய்ந்து, இரும்பும் இரும்பும் உரசுகிறது. டிஸ்க்கில் கோடு விழும். வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். அதற்குமேல் ஓட்டக் கூடாது.

எப்படிச் சரி செய்வது?

பட்டறையில் மெக்கானிக் அண்ணன் வேலை செய்வதை நின்று பார்த்தேன். முதலில் சமதரையில் வண்டியை நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கல் கொடுத்தார். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வைத்தார். தூசியை வாயால் ஊதவில்லை, ஈரத்துணியால் துடைத்தார். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கலாம், அது நுரையீரலுக்குக் கெடுதல் என்றார்.

பேட் தேய்ந்திருந்தால் இடம், வலம் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். காலிப்பர் பின்னைச் சுத்தம் செய்து, சூடு தாங்கும் பிரேக் கிரீஸ் தடவ வேண்டும். பேட்டின் முதுகிலும் லேசாகத் தடவலாம். முகத்தில் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. டிஸ்க்கின் தடிமனையும் அளந்து பார்க்க வேண்டும். குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போயிருந்தால் புதுசுதான் போட வேண்டும்.

எல்லாம் மாட்டிய பிறகு, வண்டியை நகர்த்தும் முன் பெடலைப் பல தடவை மிதிக்க வேண்டும். புது பேட் மாட்டுவதற்காக பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பார்கள். மிதிக்காமல் கிளம்பினால் முதல் பிரேக் பிடிக்காமலே போகலாம்.

எண்ணெய் விடலாமா?

எங்க மாமா கால் டாக்ஸி ஓட்டுகிறார். ராத்திரி ஷிஃப்ட் முடிகிறவர்களை வீட்டில் கொண்டுபோய் விடுவார். அவர் வண்டி கத்தியபோது ஸ்டாண்டில் ஒருத்தர், "ரெண்டு சொட்டு ஆயில் விடுங்க, சத்தம் போயிடும்" என்றாராம். மெக்கானிக் அண்ணன் இதைக் கேட்டுச் சொன்னார்: "சத்தம் போயிடும் சார். கூடவே பிரேக்கும் போயிடும்."

உராய்வு இருந்தால்தான் வண்டி நிற்கும். எண்ணெய் அந்த உராய்வையே கெடுத்துவிடும். எண்ணெய் குடித்த பேட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான். மாமா அன்றைக்கு ஒரு நாள் சவாரியை விட்டுவிட்டுப் பேட்டை மாற்றினார். அந்த வண்டியில் தூங்கிக்கொண்டே வீட்டுக்குப் போகிற நாலு பேர் அவர் பிரேக்கை நம்பித்தான் தூங்குகிறார்கள்.

சத்தத்தை அடக்குவது வேறு, கோளாறை நீக்குவது வேறு நண்பர்களே! உங்கள் வீட்டிலோ தெருவிலோ 'கீச்' என்று கத்தும் வண்டி இருந்தால், அது 'கர கர' ஆகும் முன்பே காட்டச் சொல்லுங்கள்.