கோப்பி வில்லைகள்

நாணயம் என்பது அரசின் முத்திரை பெற்று வழங்குவது. ஆயினும் 19ஆம் நூற்றாண்டில் வணிகர் தம் பெயரைப் பொறித்து உலோக வில்லைகள் வெளியிட்ட நாடுகள் பல. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் சில்லறைக் காசு அருகவே, கடைக்காரர் தாமே செப்பு வில்லைகளை வழங்கினர். 1864இல் அந்நாட்டுச் சட்டம் அதனைத் தடுத்தது. இலங்கையிலும் இவ்வகை வில்லைகள் இருந்தன. அவற்றைத் தோற்றுவித்தது கோப்பி வாணிகம்.

இன்று தேயிலை தழைக்கும் பதுளை, அப்புத்தளை மலைகளில் அன்று விளைந்தது கோப்பியே. பழத்தின் சதை தோட்டத்திலேயே நீக்கப்படும். உட்தோலோடு உலர்ந்த கொட்டைகள் மாட்டு வண்டியேறி மலையிறங்கிக் கொழும்பு சேரும். அங்குள்ள ஆலைகளில் தோல் நீக்கியபின், பெண்கள் நிரை நிரையாக அமர்ந்து பழுதுற்ற கொட்டைகளைப் பொறுக்கி அகற்றுவர். முடித்த வேலைக்கு அடையாளமாக வில்லை கிடைக்கும். அதனைக் கொடுத்துக் கூலி பெறுவர். எண்ணும் கருவியாகவும் காசாகவும் அது ஒருங்கே பயன்பட்டது.

ஜோர்ஜ் ஸ்டுவர்ட் கொம்பனியாரின் வேகந்தை ஆலை வில்லையில் 1843 எனும் ஆண்டு காணப்படும். ஆண்டில்லாத வில்லைகளும் உண்டு. அத்தகையவற்றின் காலத்தை அறிய விலைக்குறிப்பு உதவும். இலங்கையில் ரூபாயும் சதமும் 1872இல் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன்னர் ஷில்லிங், பென்ஸ் கணக்கே வழங்கியது. லௌஸ்லி 1895இலும் கொட்றிங்டன் 1924இலும் எழுதிய நாணய நூல்கள் ஆர்வலர்க்கு வழிகாட்டும்.

இவ்வில்லைகளின் ஆயுள் குறுகியது. 1869இல் ஊவாவின் மடுல்சீமையில் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் துரு தோன்றிற்று. இருபது ஆண்டுக்குள் அந்நோய் கோப்பித் தொழிலைக் குலைத்தது. ஆலைகள் ஓய்ந்தன, வில்லைகள் பொருளிழந்தன.

ஆதலின், பழைய பெட்டியிலோ மண்ணிலோ ஒரு வில்லை கிடைப்பின் அதனைத் துலக்கிப் பளபளப்பாக்குதல் தகாது. துலக்கின் எழுத்துத் தேயும். எங்கே, எந்த ஆண்டில், எந்தப் பொருள்களுடன் கிடைத்தது என்பதை உடனே குறித்து வைத்தல் வேண்டும். குறிப்பின்றிக் கைமாறிய வில்லை வெறும் உலோகத் துண்டே. பழைய பித்தளையோடு நிறுத்து விற்றால் அதுவும் எஞ்சாது. துரைமாரின் கணக்கேடுகள் ஆவணச் சாலைகளில் உள்ளன. கோப்பி பொறுக்கிய பெண்கள் ஏடெழுதி வைத்தாரல்லர். அவர்தம் உழைப்பு கணிக்கப்பட்டதற்குச் சான்றாகக் கையில் அகப்படுவது இச்சிறு வில்லையே.