சவுண்டல் இலையும் ஹவாய் ஆட்டின் வயிறும்

ஆட்டுக்குத் தழை ஒடிப்பவர்களுக்குச் சவுண்டல் தெரியாமல் இருக்காது. சூபாபுல் என்பதும் அதுதான். மெக்சிகோ பக்கத்து மரம். வெப்ப நாடுகளெங்கும் பரவிவிட்டது. இலையில் புரதம் அதிகம். ஆனாலும் அதை மட்டுமே போடாமல், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் மற்றத் தீவனத்தோடு கலந்து கொடுக்கச் சொல்வார்கள். காரணம், இலையில் உள்ள மிமோசின். டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் சாயல் கொண்ட நஞ்சு அது. அளவு மீறித் தின்றால் முடி கொட்டும்.

அசைபோடும் விலங்குகளின் முதல் வயிற்றில் வாழும் பாக்டீரியாக்கள் தங்கள் நொதிகளால் மிமோசினின் வால்பகுதியை வெட்டிவிடுகின்றன. அதோடு சிக்கல் தீர்வதில்லை. மிஞ்சும் வளையத்துக்கு டி.எச்.பி. என்று பெயர், அது தைராய்டைக் கெடுக்கும். கழுத்தில் கழலை வரும், தீவனம் செல்லாது, எடை ஏறாது. ஆஸ்திரேலிய மாடுகள் இப்படித்தான் அவதிப்பட்டன. ஹவாய் ஆடுகளோ அதே இலையை வயிறாரத் தின்றுவிட்டு நலமாக இருந்தன.

அந்த ஆடுகளைக் காப்பது வயிற்று நுண்ணுயிர்களாக இருக்குமோ என்ற கேள்வியை ஆஸ்திரேலிய ஆய்வாளர் ரேமண்ட் ஜோன்ஸ் 1981-இல் எழுப்பினார். ஹவாய் ஆட்டின் வயிற்றுப் பாக்டீரியாக்களை வளர்த்து ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்குள் செலுத்தியபோது டி.எச்.பி. சிதைந்தது. 1986-இல் அந்த வெற்றி வெளியானது. சில மாடுகளுக்குக் கொடுத்தாலே போதும், கூட மேயும் மாடுகளுக்கும் அது தொற்றிக்கொண்டது. நலம் தரும் தொற்று!

டி.எச்.பி.யைச் சிதைத்த அந்தப் பாக்டீரியாவுக்கு 1992-இல் ஜோன்ஸின் பெயரையே வைத்து சினர்ஜிஸ்டிஸ் ஜோன்சியை என்று பெயரிட்டார்கள். புல்லும் தழையும் குவிந்த வயிற்றில் இருந்துகொண்டு, மாவுச்சத்தையோ நார்ச்சத்தையோ அது தொடுவதே இல்லை. அர்ஜினின், ஹிஸ்டிடின் போன்ற அமினோ அமிலங்களும் டி.எச்.பி.யுமே அதன் உணவு. முதலில் வளையத்தில் ஒட்டியிருக்கும் ஒரு ஆக்சிஜன் தொகுதி இடம் மாறுகிறது. அதன் பிறகே வளையம் பிளக்கிறது. என்னை மலைக்க வைப்பது இந்த இடம்தான். மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் பல, இத்தகைய வளையங்களை உடைக்கக் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பயன்படுத்துகின்றன. ஆட்டின் முதல் வயிற்றிலோ ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. அது இல்லாமலே இந்த நுண்ணுயிரின் நொதிகள் வேலையை முடிக்கின்றன.

குயின்ஸ்லாந்தில் இந்தப் பாக்டீரியா அடங்கிய கலவையைக் கலனில் வளர்த்து, உறையவைத்து மாட்டுப்பண்ணைகளுக்குத் தருகிறார்கள். சவுண்டல் மேய்ச்சலில் விடும் மாடுகளுக்கு அதை வாய்வழியே புகட்டுகிறார்கள்.