சேர்வராயன் மலையில் பிள்ளையாரான கற்கோடரிகள்: சட்டம் காப்பாற்றுமா?

ஏற்காடு என்றதும் ஏரி, படகு, லேடீஸ் சீட், காபித் தோட்டம்தான் ஞாபகம் வரும். ஆனால் இரும்பு வருவதற்கு முன்பே இந்த மலையில் மனித நடமாட்டம் இருந்திருக்கிறது. அதற்குச் சாட்சி, கைக்கு அடக்கமான கற்கோடரிகள்.

அது என்ன கோடரி?

புதிய கற்காலக் கருவி. கெட்டியான கல்லைச் செதுக்கி, கொத்தி, பிறகு பாறையில் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். மரக் கைப்பிடியில் பொருத்தினால் மரம் வெட்டலாம். தென்னிந்தியாவில் இந்தக் காலம் சுமார் 5,000 முதல் 3,000 ஆண்டுகளுக்கு முந்தையது.

யார் கவனித்தது?

புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர். ஓய்வுக்குப் பிறகு ஏற்காட்டில் வசித்தார். மலையில் உள்ள சின்னச் சின்ன பிள்ளையார் கோயில்களில் இந்தக் கோடரிகள் வைக்கப்பட்டிருந்ததைப் பதிவு செய்தார். அவர் சேகரித்தவற்றை 1904-ல் சென்னை அரசு அருங்காட்சியகம் வாங்கியது.

கும்பிட்டால் பாதுகாப்புதானே?

பாதிதான். சாமி என்பதால் யாரும் தூக்கி எறிய மாட்டார்கள். ஆனால் முதலில் எந்த இடத்தில் கிடைத்தது என்ற விவரம் போய்விடுகிறது. கூடவே என்ன இருந்தது, எவ்வளவு ஆழம், சாம்பலா, பானை ஓடா? ஆய்வாளருக்குக் கல்லைவிட இதுதான் முக்கியம். வீடு கட்டவோ ரோடு போடவோ மண்ணைத் தோண்டும்போது அழிவதும் இதுவே.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய அரசின் 1958-ம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட இடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதிய கட்டுமானம் கூடாது. அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி தேவை. தமிழகத்துக்கு 1966-ல் தனிச் சட்டமும் வந்தது. ஆனால் அறிவிப்பு இல்லாத இடத்துக்கு இந்தக் கட்டுமானத் தடை பொருந்தாது. பொருளுக்கு வேறு சட்டம்: 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருளை உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்ய முடியாது, தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது.

கண்ணில் பட்டால்?

எடுக்காதீங்க, கழுவாதீங்க. இருக்கும் இடத்திலேயே போட்டோ எடுத்து, லொகேஷனைக் குறித்துக்கொள்ளுங்கள். வருவாய்த் துறைக்கோ, சேலம் அரசு அருங்காட்சியகத்துக்கோ சொல்லுங்கள். கோயிலில் இருந்தால் ஊர்க்காரர்களிடம் கேட்காமல் தொடக்கூடாது. இத்தனை காலம் அதைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் அவர்கள்தான்.