சுழற்சியை அளந்து மருந்தின் அளவை அறிதல்

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் ஒளியின் தளவிளைவைக் கற்பிக்கும்போது குளிர்கண்ணாடியையும் முப்பரிமாணத் திரைப்படக் கண்ணாடியையும் எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். நான் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். இரத்தத்தில் உள்ள மருந்தின் அளவைத் தளவிளைவைக் கொண்டு அறியும் முறை அது. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் இதில் ஒன்றுசேர்வதால், "இந்தப் பாடம் எதற்குப் பயன்படும்?" என்று கேட்கும் மாணவருக்கு இது நல்ல விடையாக அமைகிறது.

ஏன் அளக்க வேண்டும்?

வலிப்பு நோய்க்குத் தரப்படும் ஃபெனிட்டாய்ன் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம். இரத்தச் சீரத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை இருந்தால் இது பெரும்பாலோருக்குப் பயன் தரும். அளவு குறைந்தால் வலிப்பு மீண்டும் வரலாம். கூடினால் தள்ளாட்டமும் குழப்பமும் ஏற்படலாம். மேலும், இம்மருந்தைச் சிதைக்கும் கல்லீரலின் திறனுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை நெருங்கும்போது மாத்திரையின் அளவைச் சிறிது கூட்டினாலும் இரத்தத்தில் மருந்து வெகுவாக உயர்ந்துவிடும். எனவே ஊகிப்பது போதாது, அளந்தாக வேண்டும். ஆனால் சீரத்தில் எத்தனையோ பொருள்கள் கலந்துள்ளன. அவற்றைப் பிரித்தெடுக்காமலேயே ஒன்றை மட்டும் அளப்பது எப்படி?

அடிப்படைத் தத்துவம்

சில பொருள்கள் ஒளியை உட்கவர்ந்து, மிகக் குறுகிய நேரத்தில் வேறு நிற ஒளியாக வெளியிடுகின்றன. இதை உடனொளிர்தல் என்கிறோம். புற ஊதா விளக்கின் கீழ் ரூபாய் நோட்டின் இழைகள் ஒளிர்வதை மாணவர்கள் பார்த்திருப்பார்கள். ஃபுளோரசின் என்ற சாயம் நீல ஒளியை ஏற்றுப் பச்சை ஒளியைத் தருகிறது. இடைப்பட்ட நேரம் ஏறத்தாழ 4 நானோ வினாடி.

இப்போது தளவிளைவுற்ற நீல ஒளியை இச்சாயத்தின் மீது செலுத்துவோம். ஒளியின் அதிர்வுத் தளத்திற்கு இணையாக அமைந்த மூலக்கூறுகளே அதை அதிகம் உட்கவர்கின்றன. அந்த 4 நானோ வினாடியில் மூலக்கூறு அசையாதிருந்தால், வெளிவரும் ஒளியும் பெருமளவு அதே தளத்தில் இருக்கும். அதற்குள் சுழன்றுவிட்டால் தளம் சிதறிவிடும். நீரில் சிறிய மூலக்கூறு ஒரு நானோ வினாடிக்கும் குறைவான நேரத்திலேயே திசை மாறிவிடுகிறது. பெரிய புரதமோ மெதுவாகவே திரும்புகிறது. ஆகவே வெளிவரும் ஒளியின் தளவிளைவு, மூலக்கூறு சிறியதா பெரியதா என்பதைக் காட்டிக்கொடுக்கிறது.

சுழற்சிக்கும் தளவிளைவுக்கும் உள்ள தொடர்பை 1926இல் சமன்பாடாக்கியவர் பிரான்சு நாட்டின் பிரான்சிஸ் பெரின். இவர் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜீன் பெரினின் மகன். 1952இல் கிரிகோரியோ வெபர் இதைப் புரதங்களின் ஆய்வுக்குக் கொண்டுவந்தார். 1980களில் இம்முறையில் இயங்கும் தானியங்கிக் கருவிகள் மருத்துவமனை ஆய்வகங்களில் பரவின.

அளவிடும் முறை

ஃபெனிட்டாய்னோடு மட்டும் இணையும் எதிர்ப்பொருளைக் குறிப்பிட்ட அளவு எடுத்துக்கொள்கிறார்கள். அதன் மூலக்கூறு நிறை ஃபெனிட்டாய்னைப் போல் சுமார் 600 மடங்கு. அதனுடன் நோயாளியின் சீரத்தையும், சாயம் பிணைத்த ஃபெனிட்டாய்னையும் சேர்க்கிறார்கள். சாயமுள்ள மருந்தும் சீரத்தில் உள்ள சாயமற்ற மருந்தும் எதிர்ப்பொருளில் இடம்பிடிக்கப் போட்டியிடுகின்றன. சீரத்தில் மருந்து குறைவு என்றால், சாயமுள்ளவை அதிகம் இணைந்து மெதுவாகச் சுழலும், தளவிளைவு கூடும். மருந்து அதிகம் என்றால், சாயமுள்ளவை இடமின்றித் தனித்து வேகமாகச் சுழலும்; தளவிளைவு குறையும்.

கணக்கீடும் எளிதே. அதே தளத்தில் வரும் ஒளிச்செறிவிலிருந்து செங்குத்துத் தளத்தில் வருவதைக் கழித்து, இரண்டின் கூடுதலால் வகுக்க வேண்டும். 120, 80 என்று கிடைத்தால் தளவிளைவு 40/200, அதாவது 0.2. 102, 98 என்றால் 0.02. சாதாரணக் கரைசலில் இதன் உச்ச மதிப்பு 0.5. அளவு தெரிந்த மாதிரிகளைக் கொண்டு முன்பே வரைந்த வரைபடத்தோடு ஒப்பிட்டு மருந்தின் செறிவை அறியலாம்.

மாடுகளுக்குக் கன்று வீச்சை உண்டாக்கும் புருசெல்லோசிஸ் நோயைக் கண்டறியவும் இம்முறை பயன்படுகிறது. அங்கே சாயத்தைப் பாக்டீரியாவின் சிறு சர்க்கரைத் தொடரில் பிணைக்கிறார்கள். மாட்டின் சீரத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் அது இத்தொடரைப் பற்றிக்கொள்ளும், தளவிளைவு உயரும்.

வகுப்பறையில்

ஐந்து நாற்காலிகள் எதிர்ப்பொருளாகட்டும். ஐந்து மாணவர்களுக்குப் பச்சை அட்டை கொடுங்கள். அவர்கள் சாயமுள்ள மருந்து. முதல் சுற்றில் அட்டையில்லாத ஒருவரையும், அடுத்த சுற்றில் பத்துப் பேரையும் சேர்த்து நாற்காலிக்குப் போட்டியிடச் செய்யுங்கள். இடம் கிடைத்தவர் கரும்பலகையை நோக்கி அமர வேண்டும். கிடைக்காதவர் நின்ற இடத்திலேயே சுற்ற வேண்டும். நீங்கள் கைதட்டியதும் எல்லோரும் அசையாமல் நிற்கட்டும். பச்சை அட்டைக்காரர்களில் எத்தனை பேர் கரும்பலகையைப் பார்க்கிறார்கள் என எண்ணுங்கள். சில சுற்றுகளின் எண்ணிக்கையை வரைபடமாக்கினால், போட்டியாளர் கூடக் கூட அது சரிவதை மாணவர்களே காண்பார்கள்.

முடிவில் ஒரு கேள்வி கேட்கலாம்: கரைசலைக் குளிர்வித்தால் தளவிளைவு கூடுமா, குறையுமா? குளிர்ந்தால் பாகுநிலை உயரும், சுழற்சி மந்தமாகும், தளவிளைவு கூடும். ஆய்வகக் கருவிகள் வெப்பநிலையை மாறாமல் வைத்திருப்பதன் காரணம் இதுவே. மாணவர் இந்த விடையைத் தாமே சொல்லிவிட்டால், தளவிளைவு அவருக்குப் புரிந்துவிட்டது என்று கொள்ளலாம்.