கத்துகிற மோட்டார்

எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கம் மோட்டார் என்றால் போர்வெல் மோட்டார்தான். படகு மோட்டாரைப் பார்க்க, திருச்சுழியைத் தொட்டுப் போகும் குண்டாற்றைப் பிடித்துக்கொண்டு தென்கிழக்கே போக வேண்டும். மூக்கையூர் பக்கம் அது மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் சேர்வதில்லை, மணல்தான் சேர்கிறது.

அங்கே ஃபைபர் படகில் ஏறி அரைமணி நேரம் ஆகியிருக்காது. பின்னால் மாட்டியிருந்த மோட்டார் 'பீ' என்று விடாமல் கத்த ஆரம்பித்தது. வேகமும் தானாகவே இறங்கிவிட்டது. எனக்கு அடிவயிறு கலங்கியது. படகுக்காரர் திரும்பி மோட்டாரின் விலாப்புறத்தைத்தான் பார்த்தார்.

"தண்ணி துப்பலை அண்ணாச்சி" என்றவர், உடனே அணைத்தார்.

இந்த மோட்டாருக்கு ரேடியேட்டர் கிடையாது. அடியில் உள்ள சல்லடை வழியாகக் கடல்நீரை உறிஞ்சி இன்ஜினைச் சுற்றவிட்டுக் குளிர்விக்கிறது. உறிஞ்சுவது ரப்பர் இதழ்கள் வைத்த சின்னச் சக்கரம், இம்பெல்லர். சுற்றி வந்த தண்ணீரில் கொஞ்சம், விலாவில் உள்ள துளை வழியாகப் பீச்சியடிக்கும். தண்ணீர் சுற்றுவது நின்றால் சூடு ஏறும். சூடு ஏறினால் அலாரம்.

மோட்டாரைத் தூக்கிச் சாய்த்தார். சல்லடையை ஒட்டி ஒரு பாலித்தீன் பை. பிய்த்து எறியாமல் படகுக்குள்ளேயே போட்டார். சூடு ஆறும்வரை காத்திருந்து மறுபடி கிளப்பினார். பீச்சல் வந்தது, சத்தம் நின்றது.

பை இல்லாவிட்டால்? துளையில் உப்பு அடைத்திருக்கலாம். மெல்லிய கம்பியால் குத்திப் பார்க்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் இம்பெல்லர் தேய்ந்திருக்கும். கரையில் தண்ணீரில்லாமல் கொஞ்ச நேரம் ஓடவிட்டாலே ரப்பர் கருகிவிடும். சத்தத்துக்கு ஆயிலும் காரணமாகலாம். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயில் பிரஷர் இறங்கிக் கத்தினால், கரை கண்ணுக்குத் தெரிந்தாலும் அணைத்துவிட வேண்டும். சாவி போட்டதும் ஒரு தடவை கத்தி அடங்குவது பல மாடல்களில் சோதனைக்காக. அப்போது கத்தாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். கயிறு இழுத்துக் கிளப்பும் சின்ன மோட்டார்கள் பலவற்றில் அலாரமே கிடையாது. பீச்சல்மேல் ஒரு கண் இருக்க வேண்டியதுதான்.

எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. சப்மெர்சிபிள் மோட்டாரும் சுற்றியிருக்கிற தண்ணீரில்தான் குளிர்கிறது. கோடையில் மட்டம் இறங்கி வெறுமனே ஓடும்போது இழுக்கும் ஆம்பியர் குறையும்; அதைக் கண்டுபிடித்து ஸ்டார்ட்டர் பெட்டியில் உள்ள 'டிரை ரன்' கருவி நிறுத்திவிடும். நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? கரண்ட் இருக்கிற நேரத்தில் இது வேறா என்று வயரை மாற்றி 'டைரக்ட்' போட்டுவிடுவார்கள். நானும் போட்டிருக்கிறேன். அந்த வருஷம் காயில் கட்டிய செலவில் மிளகாய் விற்ற காசு போனது.

"நீங்க அலாரம் வயரைப் பிடுங்கிவிட்டதுண்டா?" என்று கேட்டேன்.

"பிடுங்கிட்டு நடுக்கடல்ல யாரைக் கூப்பிட?" என்றார்.

கரைக்கு வந்ததும் மோட்டாரைக் கழற்றி, நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்மில் இறக்கி ஓடவிட்டார், உள்ளே தங்கிய உப்பு போக. அந்தப் பக்கம் நல்ல தண்ணீர் குடக்கணக்கில் விலைக்கு வருவது. வாசலில் நின்ற அவர் வீட்டம்மா சொன்னார்:

"அது குடிச்சது போக எங்களுக்கும் ரெண்டு குடம் மிச்சம் வைங்க."