மஞ்சள் கல்

ஊர் நடுவே ஒரு கோடு – 7

போன வாரம் நிலம் எடுப்புச் சட்டத்தின் பிரிவுகளுக்குள் புகுந்து மூச்சு முட்டி வெளியே வந்தோம். இந்த வாரம் சட்டப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, களியக்காவிளையைத் தாண்டிப் போகலாம். போய்ப் பார்க்கப்போவது ஒரு கல்லை.

கல் என்பது பேச்சுக்குத்தான். கான்கிரீட்டில் வார்த்த சின்னத் தூண் அது. மஞ்சள் பெயின்ட் அடித்து, ‘கே-ரெயில்’ என்று எழுதியிருக்கும். மலையாளத்தில் மஞ்ஞக்குற்றி என்பார்கள். குற்றி நமக்கும் வேற்றுச் சொல் இல்லை; நாஞ்சில் நாட்டில் ஆட்டைக் கட்ட அடிப்பதும் குற்றிதான். கேரளத்தில் அந்தக் குற்றியில் ஓர் அரசாங்கமே மாட்டிக்கொண்டது.

நான் அதைக் கிட்டத்தில் பார்த்தது 2022 ஏப்ரலில், கோட்டயம் மாவட்டத்தில். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். கல்யாண வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி, மாட்டுத் தொழுவத்தின் ஓரமாக மஞ்சளாக ஒன்று படுத்துக் கிடந்தது. வீட்டுக்காரம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“யாரு சேச்சி பிடுங்கினது?”

“ஆரும் பிடுங்கல்ல சாரே. மழையில தானா சாஞ்சு போச்சு.”

மீன மாதத்து வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

பிறகு அவரே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். கல் நின்ற குழி, அடுக்களை வாசலுக்கும் கிணற்றுக்கும் நடுவே இருந்தது. தண்டவாளம் வந்தால் அடுக்களை ஒரு பக்கம், கிணறு மறுபக்கம். அதைவிட அவரை அரித்தது வேறொன்று. மகளின் நர்சிங் படிப்புக்காக நிலத்தை ஈடு வைத்துக் கடன் வாங்கப் போயிருக்கிறார். பத்திரம் சரி, வரி ரசீது சரி, வில்லங்கம் இல்லை. ஆனால் கல் விழுந்த நிலம் என்றதும் பேச்சு இழுத்துவிட்டது. “நெலம் எங்க பேர்ல இருக்கு. கரம் நாங்க கெட்டுறோம். பேங்க்காரன் மட்டும் கல்லப் பாக்கான்” என்றார். கேரளம் முழுக்க நடந்த வாதப் பிரதிவாதங்களில், இதைவிடத் தெளிவாக விஷயத்தைச் சொன்னவர் யாரையும் நான் கேட்கவில்லை.

விஷயத்துக்கு வருவோம். திட்டத்தின் பெயர் சில்வர்லைன். திருவனந்தபுரம் கொச்சுவேளியிலிருந்து காசர்கோடு வரை 529 கிலோமீட்டர், 11 நிலையங்கள். ரயில் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போகும். அன்று பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பிடித்த பயணம் நான்கு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்றார்கள். நடத்துவது கே-ரெயில் நிறுவனம், மாநில அரசும் ரயில்வே அமைச்சகமும் கூட்டாக வைத்திருப்பது. அப்போது இடதுசாரிகள் ஆண்ட மாநில அரசு சொன்ன செலவு 63,940 கோடி ரூபாய். நிதி ஆயோக் போட்ட கணக்கோ 1.26 லட்சம் கோடியைத் தொட்டது. வேண்டிய நிலம் சுமார் 1,383 ஹெக்டேர், வழியில் வரும் கட்டடங்கள் ஒன்பதாயிரத்துக்கும் மேல்.

வேகம் வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. நாகர்கோவிலில் ஏறிக் கோழிக்கோட்டுக்குப் போன யாருக்கும் தெரியும், கேரளத்தில் ரயில் ஓடுவதில்லை, நெளிகிறது. வளைவுகள் மட்டுமே அறுநூறுக்கு மேல் என்பார்கள். சாலையில் போகலாமென்றால் ஊர் எங்கே முடிகிறது, அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாதபடி வீடுகள். பழைய பாதையை எவ்வளவு நீட்டி நிமிர்த்தினாலும் அந்த வேகம் வராது, புதுப் பாதைதான் வழி என்று ஆதரவாளர்கள் சொன்னதில் சாரம் இருக்கிறது. ஆனால் அதே வீடுகள்தான் புதுப் பாதைக்கும் குறுக்கே நிற்கின்றன.

எதிர்ப்பாளர்களுடைய வாதங்களில் கனமானது தண்ணீரைப் பற்றியது. 529 கிலோமீட்டரில் ஏறக்குறைய 293 கிலோமீட்டர் மண்ணைக் கொட்டி உயர்த்திய கரைமேல் போகும் என்றது திட்ட அறிக்கை. கேரளத்தில் மலை கிழக்கே, கடல் மேற்கே. பெய்கிற மழை முழுவதும் கிழக்கிலிருந்து மேற்காக இறங்கியாக வேண்டும். ரயில் பாதையோ தெற்கு வடக்கு. 2018 பிரளயத்தில் மொட்டை மாடியில் நின்று படகுக்குக் கையசைத்த ஜனங்களிடம் போய், தண்ணீர் வரும் வழிக்குக் குறுக்கே கரை கட்டப்போகிறோம் என்றால் வயிறு கலங்காதா? ஐந்நூறு மீட்டருக்கு ஒரு கடவுப் பாதை விடுவோம் என்று அரசு பதில் சொன்னது. அந்தப் பதில் ஆளுக்குத்தான், ஆற்றுக்கு இல்லை என்று எனக்குப் பட்டது.

இன்னொன்று தண்டவாளத்தின் அகலம். நாட்டின் மற்ற ரயில்கள் ஓடுவது 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையில். சில்வர்லைனுக்கு 1,435 மில்லிமீட்டர். ஆக, இந்த ரயில் காசர்கோட்டைத் தாண்டி மங்களூருக்குப் போகாது. திருவனந்தபுரத்தைத் தாண்டி நம் பக்கமும் எட்டிப் பார்க்காது. தனித் தீவாகக் கிடக்கும். இப்படிச் சொன்னவர்களில் ‘மெட்ரோ மனிதர்’ ஈ.ஸ்ரீதரனும் ஒருவர். 2021 தேர்தலில் பாலக்காட்டில் பா.ஜ.க. வேட்பாளராக நின்றவர் என்பதால் அவர் பேச்சை அரசியல் என்று தள்ள முடிந்தது. அலோக் குமார் வர்மாவை அப்படித் தள்ள முடியவில்லை. ரயில்வேயில் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற அவர், இதே திட்டத்தின் ஆரம்பச் சாத்தியக்கூறு ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர். சமையற்காரரே வந்து சாம்பார் வேகவில்லை என்று சொன்ன மாதிரி.

இனி, இதற்காக நடந்த ஒரு விவாதத்தைப் பற்றி. 2022 ஏப்ரல் 28, திருவனந்தபுரத்தில் ஒரு நட்சத்திர ஓட்டல். ஆதரவாக மூவர், எதிர்ப்பாக மூவர் பேச, கே-ரெயில் நிறுவனமே மேடை போட்டது. எதிர்ப்பாளர் பட்டியலில் முதலில் இருந்த ஜோசப் சி. மாத்யூவின் பெயர் கடைசி நேரத்தில் காணாமல் போனது. அவருக்குப் பதிலாக அழைக்கப்பட்ட சூழலியலாளர் ஸ்ரீதர் ராதாகிருஷ்ணன் வரவில்லை என்றுவிட்டார். அழைப்பு அரசாங்கத்திடமிருந்து வராமல் நிறுவனத்திடமிருந்து வந்திருக்கிறது, அதன் வாசகமும் சரியில்லை என்று அலோக் வர்மாவும் விலகினார். எஞ்சியவர் ஆர்.வி.ஜி.மேனன் ஒருவர். அறிவியலை ஜனங்களிடம் கொண்டுபோக அரை நூற்றாண்டுக்கு மேல் பாடுபடும் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் தலைவராக இருந்தவர், பொறியியல் ஆசிரியர். இடதுசாரிகளின் நெடுநாள் நண்பர்கள் என்று பெயரெடுத்த பரிஷத்தும் இந்தத் திட்டத்தை ஏற்கவில்லை.

மூன்று பேருக்கு எதிரே ஒற்றை ஆளாக உட்கார்ந்து அந்தப் பெரியவர் சத்தம் போடாமல் பேசினார். இருக்கிற பாதையை இரட்டிப்பாக்குங்கள், சிக்னலைச் சீர்செய்யுங்கள், புதுப் பாதை வேண்டுமென்றால் நாடு முழுக்க ஓடும் அகலத்திலேயே போடுங்கள் என்றார். இந்தப் பேச்சு முடிவெடுக்கும் முன்னால் நடந்திருக்க வேண்டியது என்பதையும் சொல்லத் தவறவில்லை.

நடந்ததோ தலைகீழ். கல் முதலில் வந்தது. சமூகத் தாக்க ஆய்வுக்காகத்தான் கல், நிலம் எடுக்க இல்லை என்று அரசு திரும்பத் திரும்பச் சொன்னது. சட்டப்படி அது சரியாகவும் இருக்கலாம். அளவை நடத்த அரசுக்குத் தடையில்லை என்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் கோட்டயத்துச் சேச்சிக்கும் அந்த பேங்க்காரருக்கும் ஆய்வுக்கல், எடுப்புக்கல் என்று இரண்டு ஜாதி கிடையாது. மார்ச் 17ஆம் தேதி சங்ஙனாசேரி அருகே மாடப்பள்ளியில் கல் நடவந்தவர்களை ஜனங்கள் மறித்தார்கள். போலீஸ் பெண்களைத் தரையோடு இழுத்துச் சென்றது. தாயை இழுப்பதைப் பார்த்துச் சின்ன மகள் கதறும் காட்சி அன்று ராத்திரி எல்லா டிவியிலும் ஓடியது. அதற்கப்புறம் எந்தப் புள்ளிவிவரமும் எடுபடவில்லை.

போதாக்குறைக்கு, அமைச்சர் சஜி செறியான் பாதையின் இருபுறமும் கட்டுமானத் தடை வளையம் எதுவும் கிடையாது என்று அடித்துச் சொன்னார். பத்து மீட்டர் உண்டு என்றார் கே-ரெயில் நிர்வாக இயக்குநர். அமைச்சர் தான் சொன்னதைத் திருத்திக்கொண்டார். வீட்டுச் சுவர் அந்தப் பத்து மீட்டருக்குள் வருகிறதா என்று டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தவர்களுக்கு இது கேட்க எப்படி இருந்திருக்கும்?

மலையாளிகள் எதையும் சிரிக்காமல் விடுபவர்கள் இல்லை. ‘கே-ரெயில் வரும், கேட்டோ’ என்று ஆதரவாளர்கள் பரப்பிய வாசகத்தையே எதிராளிகள் எடுத்துக் கேலிக்கு வைத்துக்கொண்டார்கள். மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளர் எம்.வி.கோவிந்தன் 2023இல், பாலக்காடு மாவட்டம் கூற்றநாட்டுக் குடும்பஸ்ரீ சுயஉதவிக் குழுப் பெண்கள் கூடையில் அப்பம் எடுத்துக்கொண்டு ஷொர்ணூர் வழியாகக் கொச்சிக்குப் போய், விற்றுவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம் என்று ஒரு கூட்டத்தில் விளக்கினார். ஷொர்ணூரில் சில்வர்லைனுக்கு நிலையமே இல்லையே என்று கேட்டார்கள். ஒரு கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 75 காசு கட்டணம் கொடுத்தால் அப்பத்தில் என்ன மிஞ்சும் என்றும் கேட்டார்கள். அப்பக் கதை மாதக்கணக்கில் ஓடியது. எனக்கு என்னவோ கோவிந்தன் மேல் கொஞ்சம் பரிவு உண்டு. இந்த ரயில் சாதாரண ஆளுக்கு எதற்கு என்ற கேள்விக்குப் பதில் சொல்லப் பார்த்தவர் அவர். பதில்தான் கூடைக்குள் அடங்கவில்லை.

ஒரு பழைய கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் காங்கிரஸ் கூட்டணி அரசு காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ஓர் அதிவிரைவுச் சாலை போடப் பார்த்தது. கேரளத்தை இரண்டாக வெட்டுகிறார்கள் என்று கொதித்தெழுந்தவர்கள் இடதுசாரிகள். இருபது வருஷம் கழித்து அதே வாசகம் அட்சரம் பிசகாமல் காங்கிரஸின் வாயில். நம் பக்கமும் லேசுப்பட்டதில்லை. சென்னை – சேலம் எட்டுவழிச் சாலைக்காக 2018இல் வயலில் கல் நட்டபோது அழுது புரண்டவர்களைப் பார்த்தோம். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்து செய்ததும் அவர்கள் முதலில் கைவைத்தது அந்தக் கல்லில்தான்.

கேரளத்தில் மே மாத நடுவில், திருக்காக்கரை இடைத்தேர்தல் பிரசாரம் சூடுபிடித்திருந்த நேரத்தில், கல் நடுவது நின்றது. இனி ஜி.பி.எஸ். குறியீடு மட்டும் போதும் என்றார்கள். கல்லே இல்லாமல் ஆய்வு நடத்த முடியும் என்றால் மாடப்பள்ளியில் யாரையும் இழுத்திருக்க வேண்டாமே என்று கேட்காதவர் இல்லை. இடைத்தேர்தலில் காங்கிரஸின் உமா தாமஸ் 25,016 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். வேடிக்கை என்னவென்றால், அதே மே மாதக் கடைசியில்தான் ஏற்றுமானூர் – சிங்ஙவனம் இடையே இரட்டைப் பாதை முடிந்து, திருவனந்தபுரத்திலிருந்து கோட்டயம் வழியாக மங்களூர் வரை ஒற்றைப் பாதை என்பதே இல்லாமல் போனது. இருபது வருஷமாக இழுத்த வேலை அது. மேனன் அந்த ஓட்டல் மேடையில் கேட்டதில் பாதி.

நவம்பரில், ரயில்வே வாரியத்தின் ஒப்புதல் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று, நிலமெடுப்புக்காகப் போட்டிருந்த வருவாய்த்துறை ஊழியர்களை அரசு திருப்பி அழைத்தது. 2023 ஏப்ரல் 25இல் திருவனந்தபுரத்திலிருந்து காசர்கோட்டுக்கு வந்தே பாரத் ஓடத் தொடங்கியது, பழைய பாதையில், எட்டு மணி நேரத்தில். கூட்டத்துக்குக் குறைவில்லை. வேகத்துக்கு ஆசைப்படும் ஊர்தான் கேரளம்.

அந்தக் கோடையில் சேச்சியை போனில் பிடித்தேன். நகையை அடகு வைத்து மகளைப் படிக்க வைக்கிறாராம். கல் நின்ற குழியை மூடியாகிவிட்டது. கல் மட்டும் தொழுவத்தில்தான் கிடக்கிறது. பொதுச்சொத்து, தூக்கி எறிந்தால் அதற்கும் வழக்கு வருமோ என்று பயம்.

“பிடுங்கின கேஸ் என்ன ஆச்சு சேச்சி?”

“மழை மேல கேஸ் போட முடியுமா சாரே? எம்பேர்லதான் கெடக்கு. அடுத்த வாய்தா புதன்கிழமை.”

(அடுத்த வாரம்: பால்கர் சப்போட்டாத் தோப்புகளும் புல்லட் ரயிலும்)