குரலும் பெயரும்: மார்த்தா வாஷின் இசைவாழ்வு

முன்னுரை

அமெரிக்க டிஸ்கோ இசை பெரிதும் ஒலிப்பதிவுக் கூடத்தில் உருப்பெற்ற கலையாகும். இசைத்தட்டின் முகப்பில் முதன்மைப் பாடகரின் பெயர் இடம்பெற, உடன்பாடியோர் ஊதியத்துடன் விலகினர். இவர்களைத் துணைக்குரல் பாடகர் எனக் குறிப்பதே பொருந்தும். தமிழில் 'பின்னணிப் பாடகர்' என்னும் வழக்கு, நடிகருக்காக முதற்குரல் தருபவரைச் சுட்டுவதாகும். இவ்விரு நிலைகளிலும் பாடியவர் மார்த்தா வாஷ். குரலுக்கும் பெயருக்கும் உள்ள உறவை அவரது இசைவாழ்வின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

துணைக்குரலிலிருந்து முதற்குரல்

1953இல் பிறந்த வாஷ், சான் பிரான்சிஸ்கோவில் தேவாலயக் கோஸ்பல் இசையில் பயின்றவர். 1976இல் பாடகர் சில்வெஸ்டரின் துணைக்குரலாகச் சேர்ந்தார். ஐசோரா ரோட்ஸும் உடன் இணைந்தார். தலைமைப் பாடகரின் அடிக்குக் குழுவினர் விடையிறுக்கும் கோஸ்பல் முறை, இவர்கள்வழி நடனக்கூடப் பாடலுக்கு வந்தது. 1978இல் வெளிவந்த 'ஸ்டெப் டூ' இசைத்தட்டில் சில்வெஸ்டரின் மென்மையான உச்சக்குரலுக்கு இவர்களின் கனத்த குரல்கள் அடித்தளமாயின. 1980இல் இருவரும் 'டூ டன்ஸ் ஓ ஃபன்' என்னும் பெயரில் தனி இசைத்தட்டு வெளியிட்டனர். பின்னர் 'வெதர் கேர்ள்ஸ்' எனப் பெயர் மாற்றிக்கொண்ட அவர்கள், 1982இல் பாடிய 'இட்ஸ் ரெய்னிங் மென்' பாடலால் முதற்குரல் பாடகியராகப் புகழ்பெற்றனர்.

மறைக்கப்பட்ட பின்னணிக்குரல்

1980களின் இறுதியில் வாஷ் மீண்டும் ஒலிப்பதிவுக் கூடப் பணிக்கு வந்தார். 'பிளாக் பாக்ஸ்' என்னும் இத்தாலியக் குழு, மாதிரிப் பதிவுக்கென ஒருமுறை ஊதியத்திற்கு அவரைப் பாடவைத்தது. 1990இல் வெளிவந்த 'ட்ரீம்லேண்ட்' தொகுப்பில் அக்குரல் இடம்பெற்றது, பெயர் இடம்பெறவில்லை. காணொளிகளில் விளம்பர அழகி ஒருவர் வாயசைத்தார். அதே ஆண்டில் 'சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரி' குழு வெளியிட்ட 'கானா மேக் யூ ஸ்வெட்' பாடலின் காணொளியிலும் வாஷின் குரலுக்கு வேறொரு பாடகி வாயசைத்தார். அப்பாடல் 1991இல் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பெற்றது.

வாஷ் வழக்குத் தொடுத்தார். ஆர்.சி.ஏ. நிறுவனத்துடன் ஏற்பட்ட தீர்வு தனி ஒப்பந்தமாக அமைந்தது. 1993இல் அவரது முதல் தனித்தொகுப்பு வெளிவந்தது. சோனி நிறுவனத்துடனான வழக்கு 1994இல் முடிவுற்றது; காணொளியில் அவரது பெயரைச் சேர்க்குமாறு அந்நிறுவனம் எம்.டி.வி.யைக் கேட்டுக்கொண்டது.

முடிவுரை

ஒருவர் பாட மற்றொருவர் வாயசைப்பது தன்னளவில் ஏமாற்றன்று. தமிழ்த் திரைப்பாடலில் பாடியவர் பெயர் அறிவிக்கப்படுவதால் அது கேட்போர் அறிந்து ஏற்ற மரபாகிறது. வாஷிடம் மறுக்கப்பட்டது அவ்வறிவிப்பே. ஊதியம் பாடும் உழைப்பிற்கு ஈடாகலாம். பாடியவர் இவர் என அறியப்படும் உரிமைக்கு ஈடாகாது என்பதை இவ்வழக்குகள் உணர்த்துகின்றன.